வாத்தைக் கழுவியவள்

கார்ட்டூன் படக் கம்பெனியில் அவள் பார்த்த வேலையைக் கேட்டால் நீங்களும் சிரிப்பீர்கள். பாத்திரம் கழுவவில்லை, தரை கழுவவில்லை, வாத்து கழுவினாள். கண்ணாடித் தாளில் வரைந்து வண்ணம் பூசிய வாத்துகளைப் படம்பிடித்து முடித்ததும், தொட்டியில் ஊறப்போட்டுத் தேய்த்து, வெறுந்தாளாக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். "எல்லாரும் படைக்கிறாங்க. எனக்கு மட்டும் ஆண்டவன் அழிக்கிற இலாகாவைக் கொடுத்துட்டான்" என்பாள். அதையாவது ஒழுங்காகச் செய்தாளா?

நாற்பது வருடம் கழித்து ஒரு காலையில், பழைய படங்களைப் பற்றிப் புத்தகம் எழுதும் பெண் வீட்டுக்கு வந்தாள். இவளைத் தேடி யார் வரப்போகிறார்கள்? அண்ணியைத் தேடித்தான். அண்ணி அந்தக் கம்பெனியில் வண்ணம் பூசியவள்.

"வாத்து படி இறங்குற காட்சி உங்க கம்பெனி ஓவிய மாஸ்டர் வரைஞ்சதுன்னுதான் எல்லாப் புத்தகத்துலயும் இருக்கு. நீங்க வரைஞ்சதா கேள்விப்பட்டேன்மா."

"நாங்க நாலு பொம்பளைங்க வரைஞ்சோம்."

"வண்ணம் பூசுற பெண்களைப் பென்சிலையே தொடவிட மாட்டாங்களாமே? அப்புறம் எப்படி?"

அண்ணி வாயே திறக்கவில்லை. வந்தவள் பேனாவை மூடினாள். "காரணம் சொல்லாம எழுதினா யாரும் நம்பமாட்டாங்க. நாளைக்கு அச்சுக்குப் போகுது. பழையபடியே விட்டுடறேன்."

வாத்து கழுவியவள் வந்தவளுக்குக் கொண்டுவந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். அண்ணி ஏன் பேசவில்லை என்று அவளுக்குத் தெரியும். 'ஆண்டவனே, என் மானம் போனா போகுது' என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு, "நான்தாம்மா கழுவிட்டேன்" என்றாள்.

"சும்மா இருடி, உன்னை யாரு கேட்டா?"

"நீங்க சும்மா இருங்க அண்ணி. நாற்பது வருஷம் இருந்தாச்சு."

பிறகு சொன்னாள். படம்பிடித்த தாள் இடது தட்டில், படம்பிடிக்காதது வலது தட்டில். ஒருநாள் கூட்டுவதற்காகத் தட்டுகளை நகர்த்தியவள், பெரிய புத்திசாலி, இடம் மாற்றி வைத்துவிட்டாள். படம்பிடிக்காத வாத்து அத்தனையும் தொட்டிக்குள் போய்விட்டது. மாஸ்டரோ பார்த்து நகலெடுக்க வேண்டிய பென்சில் படங்களை அலமாரியில் பூட்டிவிட்டு வெளியூர் போயிருந்தார். இவள் வேலை போகக் கூடாதென்று நாலு பேரும் முதலிலிருந்து தாங்களே வரைந்தார்கள்.

"அவர் கண்டுபிடிக்கலையா?"

"எங்கே! படத்தைப் பார்த்துட்டு, 'என் கை என் கைதான்'னு தன் முதுகைத் தானே தட்டிக்கிட்டார். வாத்து ஒரு பக்கமா சாஞ்சு இறங்குமே, அது வாத்து நடையில்லம்மா. என் நடை! பார்த்து வரையறதுக்காக வாளித் தண்ணியோட என்னை நாள் பூரா படியில ஏத்தி இறக்கினாங்க."

வந்தவள் கைபேசியில் காட்சியைத் தேடி எடுத்தாள். "ஒரு தடவை இறங்கிக் காட்டறீங்களா?"

முட்டிவலியை மறந்து, இவள் வாளியில் தண்ணீர் பிடித்து மாடிப்படியில் ஏறி இறங்கினாள். மூன்றாவது படியில் தண்ணீர் தளும்பியது. இடுப்பு தானாக வலப்பக்கம் சாய்ந்தது. வந்தவள் கைபேசியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுப் பேனாவைத் திறந்தாள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பேரெல்லாம் சொல்லுங்கம்மா."

அண்ணி தன் பேரைக் கடைசியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் பேரை நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள். இரண்டாவது பேரில் நிறுத்தினாள்.

"இவ செத்துப் போயிட்டா. இவ பேரும் வரும்ல?"

"வரும்மா."

"அப்படின்னா சரியா எழுதுங்க" என்று அண்ணி நாற்காலியை நெருக்கிப் போட்டாள்.