ஒரே பலகை, ஆளுக்கொரு யோசனை: எங்கள் வீட்டுத் தொட்டில்

இன்று காலை ஆசாரி பட்டறையில் என் மானம் போனது!

"தொட்டில் எம்புட்டு நீளம்ணே வேணும்?" என்று கேட்டார் சுப்பையா ஆசாரி.

நான் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினேன்.

அவர் என் இடது கையிலிருந்து வலது கைவரை நிதானமாகப் பார்த்தார்.

"படுக்கப்போறது பேரப்பிள்ளையாண்ணே, நீங்களா?"

பட்டறையே வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தது. (நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய?)

நண்பர்களே, இதை நம் செல்லூர் வாசகசாலைப் பலகையில் குத்தி வைக்கிறேன். படித்துவிட்டு உங்கள் கருத்தை அடியில் பென்சிலால் எழுதுங்கள். (போன தடவை மாதிரி என் பெயருக்கு மீசை வரைய வேண்டாம்!)

விஷயம் இதுதான்.

மூத்த மகள் கமலா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஒன்பதாம் மாதம். பெயர் வைக்கிற அன்று கொட்டாம்பட்டியிலிருந்து சம்பந்தி வீட்டார் வருவார்கள். அதற்குள் தாய்வீட்டுத் தொட்டில் வந்தாக வேண்டும். வராவிட்டால் எங்களை யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கமலாவைத்தான் அந்த வீட்டில் காலமெல்லாம் குத்திக்காட்டுவார்கள்.

இப்போதே செய்து வைத்தால் என்ன என்கிறீர்களா? கூடாது! பிள்ளை பிறக்கும் முன்னால் தொட்டில் மரத்தில் உளி படக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பேசலாம், அளக்கலாம். வெட்டத்தான் கூடாது.

வினையே அங்கேதான். வேலை தொடங்க முடியாது, யோசனை மட்டும் சொல்லலாம் என்றால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா?

என் அக்கா ஆரம்பித்து வைத்தாள்: "டேய் தம்பி, நாலு மூலைக்கும் வெண்கல மணி கட்டச் சொல்லு. ஆட்டுனா தெருவுக்கே கேக்கணும்."

"சேத்துருவோம்க்கா."

சம்பந்தியம்மாள் ஆள் மூலம் சொல்லியனுப்பினார்: கால் நான்கிலும் சிங்கமுகம் வேண்டுமாம்.

சேர்த்தாயிற்று.

மச்சினன் மாணிக்கம் வந்தான். "மச்சான், பிள்ளை வளந்தப்புறம் தொட்டில் என்னத்துக்கு ஆகும்? பக்கச் சட்டத்தைக் கழட்டுனா பெஞ்சாகிறணும். அப்படிச் செய்யச் சொல்லுங்க!"

"நல்ல பிளானா இருக்கே மாப்ள!"

பெஞ்சு என்றால் நீளம் வேண்டாமா? (நான் கையை விரித்த ரகசியம் புரிந்திருக்கும்.)

பட்டறையில் நான் ஒப்பித்த இதெல்லாவற்றையும் கேட்டு முடித்த ஆசாரி, சுவரில் சாய்த்திருந்த ஒரு பலகையைத் தட்டினார்.

"பர்மாவுல நடக்குற சண்டை முடியிற வரைக்கும் அங்கிட்டிருந்து தேக்கு வராதுண்ணே. நம்மகிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான். சிங்கம் செதுக்குனா பெஞ்சு வராது. பெஞ்சுன்னா சிங்கம் கிடையாது. ரெண்டும் வேணும்னா, உங்க பேரப்பிள்ளை நடந்து வந்து தொட்டிலைத் தூக்கிட்டுப் போகட்டும்!"

"இப்ப என்ன செய்ய?"

"வீட்ல பேசி ஒரு முடிவோட வாங்க. அதுக்கப்புறம் ஒரு ஆணிகூடச் சேக்கப்படாது."

வீட்டுக்கு வந்து சபையைக் கூட்டினேன்.

எதைக் குறைக்கலாம் என்று கேட்கத்தான் கூட்டினேன். கால் மணி நேரத்தில் கொசுவலைக் கம்பியும் மரக்கிளி இரண்டும் கூடிவிட்டன!

"பெஞ்சுல உக்காந்தா மணி முதுகுல இடிக்குமேக்கா" என்றான் மாணிக்கம்.

"அப்ப நீ நின்னுக்கோ" என்றாள் அக்கா.

அடுப்படியிலிருந்து என் சம்சாரம் ராசம்மா எட்டிப் பார்த்தாள்.

"மதினி, யாரு என்ன வேணாலும் கேளுங்க, எல்லாத்தையும் செய்வோம். ஆனா கேட்டவுக தினம் ராத்திரி ஒரு சாமம் உக்காந்து தொட்டிலை ஆட்டணும். சம்மதமா?"

அக்காவின் கை தானாக முட்டிக்குப் போனது!

அக்காதான் முதலில் வாய் திறந்தாள். "எனக்குத்தான் முட்டி வலியாச்சே. மணிச் சத்தத்துல பிள்ளை முழிச்சுக்கிட்டாலும் முழிச்சுக்கும். வேணாம் விடு."

"எனக்கு நைட் ஷிப்ட்டு வருதுக்கா" என்றான் மாணிக்கம்.

"சைக்கிள் கடையில உனக்கு ஏதுடா நைட் ஷிப்ட்டு?"

பெஞ்சும் கொசுவலைக் கம்பியும் போயின. மரக்கிளிகள் தாமாகவே பறந்துவிட்டன.

மிச்சம் சிங்கம். அது சம்பந்தி வீட்டுச் சிங்கம். அதை விரட்ட யாருக்குத் தைரியம்?

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஊரையெல்லாம் கேட்டோமே, தொட்டில் பக்கத்தில் படுக்கப்போகிறவளை ஒரு வார்த்தை கேட்டோமா?

"உனக்கு எப்படிம்மா வேணும்?"

கமலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கேட்பதற்காகவே காத்திருந்தவள் போலச் சொன்னாள்: "உசரம் கம்மியா இருக்கணும்ப்பா. பாயில படுத்துக்கிட்டே பிள்ளை முகத்தைப் பாக்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

"கால் குட்டையாகிட்டா சிங்கமுகத்துக்கு இடம் இருக்காதேம்மா. உங்க கொட்டாம்பட்டி அத்தை..."

"நான்தான் வேணாம்னேன்னு அத்தைகிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க பயப்படாதீங்க."

(நான் பயந்தது அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது!)

உடனே அளவெடுத்தோம். கமலா பாயில் ஒருக்களித்துப் படுத்தாள். நான் ஒரு முறத்தில் துண்டைச் சுருட்டி வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

"இம்புட்டு உசரமா?"

"இறக்குங்கப்பா."

"இப்ப?"

"இன்னுங் கொஞ்சம்."

குனிந்து குனிந்து என் இடுப்பு ஒடியும் நேரத்தில் அவள் சிரித்தாள். "ஆங், தெரியுது!"

முறத்திலிருந்து தரைவரை தறி நூலைப் பிடித்து, முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பட்டறைக்குப் போய் நூலை நீட்டினேன். ஆசாரி பலகையில் வைத்துப் பார்த்தார்.

"அம்புட்டுத்தானா? பிள்ளை பொறந்ததும் ஆள் அனுப்புங்க. பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே வீட்ல கொண்டாந்து இறக்கிருவேன். பலகைகூட மிஞ்சும் போலிருக்கே. வேற ஏதும் சேக்கணுமாண்ணே? கேக்குறதா இருந்தா இப்பவே கேட்ருங்க."

"ஒண்ணும் வேணாம் ஆசாரி. வாரேன்" என்று கிளம்பிவிட்டேன்.

ராத்திரி நானே இழுத்து ஆட்ட, கயிறு கொஞ்சம் நீளமாக, அடுத்த அறையில் நான் படுக்கிற பாய்வரை எட்டுகிற மாதிரி வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.