பூட்டிவிட்டு ஊருக்குப் போனவன்

அந்த நாட்களில் எங்கள் பெங்களூர் தொம்மலூர் அலுவலகத்தில், எல்லோரும் எழுதும் புரோகிராம்களை ஒரே இடத்தில் வைத்துக் காக்க ஒரு மென்பொருள் இருந்தது. ஒருவர் ஒரு ஃபைலைத் திருத்த எடுத்தால் அது பூட்டிக்கொள்ளும். அவர் திருப்பி வைக்கும்வரை வேறு யாரும் தொட முடியாது. நல்ல எண்ணம்தான். ஆனால் நம் ஆட்கள் கையில் கிடைத்தால்? பஸ் ஜன்னலில் துண்டு போட்டு இடம்பிடிப்பதைப் போல, காலையில் வந்ததும் தேவையோ இல்லையோ நாலைந்து ஃபைலைப் பூட்டி வைத்துக்கொள்வார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை திருவாரூரில் என் தங்கைக்கு வளைகாப்பு. எங்களுக்கு அம்மா இல்லை. முதல் வளையலை நான்தான் போட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். வியாழன் மாலை ஏழு மணிக்குக் கலாசிபாளையத்தில் பஸ். அன்று வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய புரோகிராமில் ஒரே ஒரு வரி பாக்கி. மூன்று மணிக்கு ஃபைலைத் திறந்தால், பூட்டு! பூட்டியவன் பக்கத்து இருக்கைத் தம்பி. மத்தியானமே திருநெல்வேலிக்குக் கிளம்பிவிட்டான், செல்போனும் கிடையாது.

அனுப்பாமல் நான் கிளம்பவும் முடியாது. ஐ.டி. கம்பெனிகளில் ஆட்களைக் கும்பலாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நேரம். பூட்டை உடைக்கும் பாஸ்வேர்ட் மேனேஜரிடம் மட்டும்தான். அவரோ ஊர்க்கோடியில், பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில்.

"போன்லயே சொல்லிடுங்க சார்."

"பாஸ்வேர்டை எப்படிம்மா போன்ல சொல்றது? வந்துட்டே இருக்கேன், ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ, கொஞ்ச நேரம்தான்."

ஓசூர் ரோடு நெரிசல் அவரை விட்டபோது மணி ஏழரை. அந்த வரியை மாற்ற இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தொடர் விடுமுறை என்பதால் வேறு எந்த பஸ்ஸிலும் இடமில்லை. ஆத்திரத்தில் அழுகைதான் வந்தது.

திங்கட்கிழமை அவன் அல்வாவோடு வந்தான்.

"அந்த ஃபைல்ல என்னப்பா மாத்துன?"

"ஒண்ணும் மாத்தலக்கா. வேற யாராச்சும் எடுத்துருவாங்களேன்னு சும்மா பூட்டி வச்சேன்."

அல்வாவை அவன் மேலேயே எறியாதது என் பெருந்தன்மை.

அடுத்த வருடம் பூட்டே இல்லாத புதிய கருவி வந்தது. ஒரே ஃபைலை இரண்டு பேர் ஒரே சமயத்தில் திருத்தலாம், திருத்தங்கள் இடித்துக்கொண்டால் பிறகு சரிசெய்துகொள்ளலாம். எல்லா அலுவலகத்திலும் அதுவே பரவியது. ஏன் பரவியது என்று மீட்டிங்கில் படம் போட்டு விளக்கினார்கள்: இலவசம், வேகம், இன்னும் என்னென்னவோ. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இனி அடுத்தவரும் நேரத்துக்கு ஊர் போய்ச் சேரலாம் என்று ஒருத்தராவது சொன்னார்களா?

வளைகாப்பு ஆல்பம் என்னிடம் இருக்கிறது. எதிர்வீட்டு அம்மா முதல் வளையலைப் போடுகிறார். தங்கை கையை நீட்டிக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.