மாடியில் கழுவிய முகம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர் ஆங்கில விரிவுரையாளர். நானும் எம்.ஏ. ஆங்கிலம். பொருத்தம் பிரமாதம் என்று அம்மா பூரித்துப்போய், போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பார்லருக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். என் முகம் முழுக்கப் பருத்தழும்பு. பார்லர்காரி சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல் பூசி மெழுகினாள். வந்த வரனெல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்தது. இதுவும் போனால் தங்கைக்கும் வழி அடைபடும் என்று அம்மாவுக்குப் பயம்.

ராசிங்காபுரத்திலிருந்து காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அத்தை, பூ வைத்துவிடுகிற சாக்கில் என் சடையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். சவுரி இல்லை. "சொந்த முடிதேன்" என்று சபைக்கு அறிவித்தாள். சே, மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அது ஒன்றுதான் பாக்கி.

மாப்பிள்ளைக்குத் தனியாகப் பேசணுமாம். மொட்டைமாடிக்குப் போனோம். ஏலமலைப் பக்கம் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பூசிப் பூசியே பொழுதைப் போக்கும் சீமாட்டிகளைக் கிழிகிழியென்று கிழிக்கும் பழைய ஆங்கிலக் கவிதைகள்தான் அவருக்கு உயிராம்.

"வகுப்புல நடத்துனா பசங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைக்காதீங்க. எனக்கு எல்லாம் இயற்கையா இருக்கணும். கொஞ்சம் முகம் கழுவிட்டு வர்றீங்களா?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாடிக்குழாயிலேயே, அவர் கண்ணெதிரிலேயே கழுவினேன். பட்டுச்சேலை முந்தானையால் அழுந்தத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். மனுஷன் முகம் சுண்டிப்போனது. இயற்கை கேட்டவருக்கு இயற்கை பிடிக்கவில்லை.

"பாக்க வந்த ஆம்பளைங்களப் பத்தி அந்தக் கவிஞருங்க ஏன் எழுதல?" என்று கேட்டேன். மீசையைத் தடவிக்கொண்டார். அவர் மீசைச் சாயம் மேலுதட்டுத் தோல்வரை அப்பியிருந்தது.

"குழாயில தண்ணி வருது. நீங்களும் மீசையக் கழுவுங்களேன், பாப்போம்."

விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார். கீழே கேசரியைப் பாதியில் வைத்துவிட்டு எல்லோரும் எழுந்தார்கள். மறுநாள் தரகர் போன் பண்ணினார். "முகத்தப் பத்தி அவுக ஒண்ணுஞ் சொல்லலத்தா. பொண்ணுக்கு வாய் நீளமாம்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோஷம். அதைக் கண்டுகொண்டாள் போலிருக்கிறது. கிட்டே வந்து என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"இந்தத் தழும்ப மறைக்க ஆயிரம் டப்பா விக்கிறாய்ங்க. உன் வாய மறைக்க நான் எந்தக் கடைக்குடி போவேன்?"