பஸ்ஸை மறித்த புழுக்கை

கறம்பக்குடிக்கு முன்னால் எங்கள் பஸ் நிற்கிறது. சாலை முழுக்கச் செம்மறி ஆடுகள். மழை பொய்த்து வெளிறிப்போன ஒரு புஞ்சையில் கிடை போட ஓட்டிப் போகிறார்கள். ராத்திரி ஆடுகள் அங்கே அடைந்து கிடந்து புழுக்கை போட்டால் மண் தேறும். ஆடுகள் கடந்த பிறகும் வழி இல்லை. அந்தப் புஞ்சைக்காரப் பெண் நடுச்சாலையில் குனிந்து, சிந்திய புழுக்கையைக் கூடையில் கூட்டி அள்ளுகிறாள்.

"நகருங்கம்மா, நேரமாகுது" என்கிறார் டிரைவர்.

"செத்தப் பொறுங்கண்ணே. எங்க மண்ணு திங்க வேண்டியத ரோடு தின்னு என்னத்த வெளையப் போகுது?"

பஸ்ஸுக்குள் ஒரே சிரிப்பு. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிறார். சண்டைதான் என்று எட்டிப் பார்க்கிறேன். அவரோ தோள்துண்டைத் தரையில் விரிக்கிறார்.

"இங்கிட்டுக் கெடக்கறத நான் அள்ளிக்கிறேன். கீரமங்கலத்துல எனக்கும் ஒரு புஞ்சை காஞ்சு கெடக்கு."

"நல்லா அள்ளுங்கண்ணே" என்று கூடையை அவர் பக்கம் தள்ளுகிறாள். "அள்ளி இதுல போடுங்க."

சிரித்துக்கொண்டே போடுகிறார்.