புதன்கிழமை ஊசி

ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததுமே மிஷினிடம் ஓடினேன். எந்நேரமும் உறுமிக்கொண்டிருக்கும் உலர்த்தும் மிஷின் வாயை மூடிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் சந்தனம், குங்குமம், தலையில் சாமந்திச் சரம். ஆயுத பூஜைக்காக எங்கள் அட்டெண்டர் அண்ணன் எல்லா மிஷினுக்கும் ஓய்வு கொடுத்திருந்தார். உலர்த்தும் மிஷினுக்குள் என் மருந்து பாதி உலர்ந்தபடி இருந்தது.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. தாம்பரம் தாண்டி மின்சார ரயில் சற்று நின்றாலே, இறங்கி நடக்கலாமா என்று எட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த ஆராய்ச்சியோ மெதுவாகக் கரையும் தடுப்பு மருந்து. ஆபரேஷன் தையலில் தானாகக் கரைந்துபோகும் நூல் இருக்கிறதே, அந்தப் பொருளில் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகள் செய்து, உள்ளே மருந்தை அடைப்போம். உடம்புக்குள் உருண்டை கரையக் கரைய மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். இரண்டாவது, மூன்றாவது ஊசி செய்கிற வேலையை முதல் ஊசியே செய்துவிடும் என்பது எங்கள் கனவு. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் அந்தக் கனவு சுண்டெலிச் சோதனையைத் தாண்டியிருக்கவில்லை.

"யாருண்ணா இதை ஆஃப் பண்ணச் சொன்னது?" என்று கத்தினேன்.

"இன்னாமா, வருஷம் பூரா ஓடிக்கினு கீது. ஒரு நாள் ரெஸ்ட்டு குடுக்க வேணாவா?"

"ரெஸ்ட்டா! உள்ள எல்லாம் களியா ஒட்டிக்கிட்டிருக்கும். மறுபடி முதல்லேர்ந்து செய்யணும்."

அவர் முகம் விழுந்துவிட்டது. நான் திட்டியதால் என்று நினைத்தேன்.

"அப்போ ஊசி வர இன்னும் லேட்டாவுமா?"

"எந்த ஊசி?"

"உங்க ஊசிதாம்மா. என் பேத்திக்குக் கக்குவான் இருமல் ஊசி ரெண்டு போட்டாச்சு, மூணாவது போடல. ஒவ்வொரு வாட்டியும் காய்ச்சல் வந்து பேஜாராப் பூடுது. அன்னிக்கு விருந்தாளிங்களுக்கு நான் டீ குடுத்துகினு இருந்தப்போ உங்க சார் சொன்னாரே, ஒரே ஊசி போதும்னு. அது வரட்டும்னு வுட்டுட்டேன்."

தூக்கிவாரிப் போட்டது. மிஷினாவது மண்ணாவது!

"ஐயோ அண்ணா, அது எலிக்கு! குழந்தைக்கு வர எத்தனை வருஷமாகுமோ, வருமோ வராதோ! இன்னிக்கே கூட்டிட்டுப் போய்ப் போடுங்க."

பம்மலில் அவர்கள் வீட்டுப் பக்கத்துச் சுகாதார நிலையத்தில் புதன்கிழமைதான் ஊசி நாள். தனியார் கிளினிக்குக்கு நான் அழைத்துப் போகிறேன் என்றேன். அவர் மகள் சம்மதிக்கவில்லை. முதல் இரண்டு ஊசியும் போட்ட நர்சம்மா கைதான் ராசி என்றுவிட்டாள்.

புதன் வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருவில் எந்தக் குழந்தை இருமினாலும் கக்குவானோ என்று திக்கென்றது. ஆராய்ச்சிக்குத் தலைவரான எங்கள் சாரிடமும் சண்டை போட்டேன்: "இனிமே யார்கிட்ட சொன்னாலும் எலிக்குன்னு சேர்த்துச் சொல்லுங்க சார்." "சரியான அவசரக்குடுக்கைம்மா நீ" என்று சிரித்தவர், விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

புதன்கிழமை ஷேர் ஆட்டோவில் அவர்களோடு நானும் தொற்றிக்கொண்டேன்.

"இவ்ளோ நாளா எங்க போனீங்க?" என்று நர்சம்மா ஒரு பிடி பிடித்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஊசி இறங்கியதும் குழந்தை வீறிட்டது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அழட்டும், நன்றாக அழட்டும்.

"ஒண்ணரை வயசுல இன்னொண்ணு இருக்கு, மறந்துடாதீங்க" என்றார் நர்சம்மா.

அண்ணன் பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே ஆசையோடு என் பக்கம் திரும்பினார்.

"அதுக்குள்ள உங்க ஊசி வந்துடுமாம்மா?"

"வராதுண்ணா" என்றேன். "இங்கயே கூட்டிட்டு வாங்க. நானும் வரேன்."