பல்செட்டு மாமாவும் பட்டினி கிடந்த மேனேஜரும்

எங்கள் பகுதியில் பாதிப் பேருடைய வாய் என் மாமாவுக்கு அத்துப்படி. ஆனால் ஒருவர் வாயைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை.

மாமா பல்செட்டு செய்கிறவர். பல் டாக்டர்கள் தாடையை அச்செடுத்து அனுப்புவார்கள். மாமா அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, காயவைத்து, மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, மோட்டாரில் பளபளவென்று தேய்த்துத் திருப்பி அனுப்புவார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கத் தாடை. அந்த அறையில் படுத்துக்கொள்கிறேன் என்று எந்த விருந்தாளியும் இதுவரை கேட்டதில்லை.

முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராகத்தான் சேர்ந்தாராம். முதல் நாள், முதல் நோயாளி "ஆ" என்று வாயைத் திறந்தார். மாமா தரையில் விழுந்தார். நோயாளியே நாற்காலியிலிருந்து இறங்கி வந்து தண்ணீர் தெளித்திருக்கிறார். அன்றோடு உயிருள்ள வாய்க்கு ஒரு கும்பிடு. "பிளாஸ்டர் வாய் சொன்ன பேச்சு கேக்கும்டி. நிஜ வாய் ஈரமா இருக்கு, அசையுது" என்பார்.

நானும் அம்மாவும் மாடியில் இருக்கிறோம். பத்தாவதோடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்துவிட்டதால், பகல் முழுக்க நான் கீழேதான். அத்தை என்னை வாலு என்று கூப்பிடுவாள். காரணம் கேட்காதீர்கள்.

மேனேஜர் என்பது மாமாவின் பூனை. செம்பட்டை நிறம், வயது பதினொன்று. மெழுகு உருக்கும் விளக்குப் பக்கத்தில் கதகதப்பாக உட்கார்ந்துகொண்டு, தான் ஒரு வேலையும் செய்யாமல் மாமா செய்வதை மட்டும் முறைத்துப் பார்ப்பதால் அத்தை வைத்த பெயர். மாமா ஒவ்வொரு செட்டையும் முடித்ததும் அதன் முகத்துக்கு நேரே நீட்டி, "எப்படி சார் இருக்கு?" என்பார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டால் வேலை சரி என்று அர்த்தம்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் கிண்ணத்தை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. செவ்வாயும் அப்படியே. அத்தை கோழியை வேகவைத்து நார் நாராகக் கிழித்து வைத்தாள். மாமா முட்டை மஞ்சள்கருவைக் குழைத்து வைத்தார். நான் டப்பா மீனை விரலில் தடவி நீட்டினேன். எல்லாவற்றுக்கும் ஆசையாகத்தான் ஓடி வரும், மோந்து பார்க்கும், தலையைச் சாய்க்கும், போய்விடும்.

"எனக்குத் தெரியும்" என்றார் மாமா. "சனிக்கிழமை நாற்காலியிலேர்ந்து இறக்கி விட்டேன்ல. மனசு விட்டுப் போச்சு அவனுக்கு." சொல்லிவிட்டுத் தரையில் குந்தி, "தப்புதான்டா. இனிமே அது உன் நாற்காலி" என்று பூனையிடம் மன்னிப்புக் கேட்டார்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "முப்பது வருஷத்துல என்கிட்ட ஒரு தடவை மன்னிப்புக் கேட்டிருக்கீங்களா?"

"நீ என்னிக்குச் சாப்பிடாம இருந்த?"

புதன்கிழமை மாமாவும் சரியாகச் சாப்பிடவில்லை. நான்தான் பூனை டாக்டருக்குப் போன் போட்டேன். மூன்று நாள் வயிறு காய்ந்தால் பூனைக்கு ஈரலே கெட்டுவிடும், உடனே கொண்டு வாருங்கள் என்றார் அந்த டாக்டரம்மா. "நாளைக்குப் பாக்கலாம்" என்றார் மாமா. டாக்டர் என்ன சொல்லிவிடுவாரோ என்று பயம். அதை மறைக்க மோட்டாரைப் போட்டு, ஏற்கெனவே பளபளத்த செட்டையே மறுபடி தேய்த்தார்.

வியாழன் காலை வீடு அப்படியொரு அமைதி. எனக்கு அமைதி ஒத்துக்கொள்ளாது. அலமாரியிலிருந்து ஒரு பழைய செட்டை எடுத்தேன். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, வயசானவர்கள் வைப்பது போல, மேனேஜரின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். பின்னால் மேனேஜர் சுருண்டு கிடந்தது. பார்க்கப் பொருத்தமாக இருந்தது.

மாமா வந்து பார்த்தார். "யார் பார்த்த வேலை இது?"

"அவர்தான் மாமா கழட்டி வச்சிருக்கார். சாப்பாடே வேணாம், அப்புறம் பல்லு எதுக்குன்னு கேக்குறார்."

தூரிகையோ தாடையோ ஏதாவது பறந்து வரும் என்று குனிந்தேன். ஒன்றும் வரவில்லை. மாமா டம்ளரைப் பார்த்தார். பூனையைப் பார்த்தார். மறுபடி டம்ளரைப் பார்த்தார்.

"பசியோட ஓடி வர்றான்" என்றார், தனக்குத்தானே. "வாய் வைக்கிறப்போ தலையைச் சாய்க்கிறான். டாக்டருங்க சீட்டுல எழுதி அனுப்புவாங்களே, நோயாளி ஒரு பக்கமாத் தலையைச் சாய்ச்சு மெல்லுறார்னு. எத்தனை சீட்டு படிச்சிருப்பேன்! இவன் சாய்ச்சப்போ மட்டும் கொஞ்சுறான்னு நெனச்சுட்டேனேடி!"

"அப்ப வாயைத் திறந்து பாருங்க."

"யாரு, நானா?" மாமாவின் முகம் பிளாஸ்டர் நிறமானது. "நீ திற. நான் இங்கேருந்து கேக்குறேன்."

அத்தை பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்தாள். நான் அதன் வாயைத் திறந்தேன். மாமா சுவரைப் பார்த்தபடி நின்று, கையில் காகிதமும் பென்சிலுமாக, "எந்தப் பக்கம்? முன்னாடியிருந்து எண்ணு. ஈறு என்ன நிறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொல்லச் சொல்ல வரைந்தார். இடப்பக்கம் மேலே, கடைவாய்ப்பல், சுற்றிலும் ஈறு தீயாகச் சிவந்து வீங்கியிருந்தது.

அந்தக் காகிதத்தோடுதான் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் பூனையின் வாயையும் காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்படியே இருக்கே! யார் வரைஞ்சது?"

"நான்தாங்க" என்றார் மாமா. "எல்லாம் கேள்வி ஞானம்."

பல்லைப் பிடுங்கி, ஊசி போட்டு, சாயங்காலம் அனுப்பிவைத்தார். கூடவே ஊசியில்லாத சிரிஞ்சும் கூழ் மாதிரி ஒரு டப்பா உணவும். "தானா சாப்பிடலேன்னா மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்டுங்க. சனிக்கிழமை சாயந்தரம் வரைக்கும் பாக்கலாம். அப்பவும் தானா சாப்பிடலேன்னா இங்க சேர்த்துக் குழாய்தான் போடணும். இந்த வயசுல தாங்கும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். வரும் வழி முழுக்க மாமா பூனைக்கூடையை மடியிலிருந்து இறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கிண்ணம் அப்படியே இருந்தது. நான் ஊட்டினேன்: கூழில் பாதி என் சட்டைக்கு, பாதி சுவருக்கு. அத்தை ஊட்டினாள்: அவள் கையில் மூன்று கீறல். அதன் பிறகு எங்கள் இருவரையும் பார்த்தாலே மேனேஜர் அலமாரிக்கு அடியில் போய்விட்டது. மாமா வேலை மேசையில் உட்கார்ந்தால் மட்டும் மெதுவாக ஏறி வந்து விளக்குப் பக்கத்தில் படுத்தது. தூக்கினால் துணிமூட்டை எடைகூட இல்லை.

"ஏங்க, உங்ககிட்டதான் வருது" என்றாள் அத்தை.

"என்னால முடியாது."

"அப்ப சரி. குழாயே போடட்டும்."

மாமா எழுந்து, மேலங்கியை மாட்டி, கையைக் கழுவி, சிரிஞ்சை எடுத்தார். மேனேஜரைத் துண்டில் சுற்றி மடியில் வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மாமா, அது மூக்கு."

"தெரியும், சும்மா இரு." கண்ணைத் திறந்தார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு கன்னத்தின் கோடியிலும், தாடை சேரும் இடத்தில் வைத்து லேசாக அழுத்தினார். நான் மல்லுக்கட்டித் திறந்த வாய் அவருக்குக் கதவு மாதிரித் திறந்துகொண்டது. தாடை எங்கே மடங்கும் என்று அவருக்கா தெரியாது?

உள்ளே பார்த்தார். ஈரமாக இருந்தது, அசைந்தது. மாமாவின் நெற்றியெல்லாம் வேர்த்து, உடம்பு பக்கவாட்டில் சாய ஆரம்பித்தது. நான் ஓடிப்போய்த் தோளால் முட்டுக்கொடுத்தேன். கை மட்டும் நடுங்காமல் அப்படியே நின்றது. சிரிஞ்சை வாயின் ஓரமாக நுழைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டார்.

"முழுங்கிட்டான்! வாலு, முழுங்கிட்டான்டி!"

அந்தச் சத்தத்தில் மேனேஜர் அவர் விரலைக் கடித்துவிட்டது. அத்தை பஞ்சைத் தேடிப் பதறி ஓடினாள். மாமாவோ விரலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாரேன், மேல ரெண்டு, கீழ ரெண்டு, நாலும் ஒரே ஆழம்! என்ன சுத்தமான கடி!"

டாக்டரம்மா அவருக்கும் ஊசி போடச் சொன்னார். போட்டுக்கொண்டு வந்ததிலிருந்து சிரிஞ்சை வேறு யாரும் தொடக்கூடாது என்று சட்டம். மோட்டார் ஓடவில்லை. செட்டு கேட்டு டாக்டர்கள் அனுப்பிய ஆட்களிடம் "திங்கட்கிழமை வாங்க, வீட்ல உடம்பு சரியில்ல" என்றார். அவர்கள் அத்தையைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. பூனைக்கூடையை எடுத்து வாசலில் வைத்தாயிற்று. கடைசியாக ஒரு தடவை என்று மாமா கூழை நிரப்பும்போது கை நழுவி, டப்பா அவர் மேலங்கியில் கொட்டியது. "சனியனே" என்று தன்னையே திட்டிக்கொண்டு துடைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மேனேஜர் அங்கியின் ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தது. மூச்சு விடவே பயந்து, நான் கிண்ணத்தில் கோழி நாரை வைத்துக் காலால் மெல்லத் தள்ளினேன். மோந்து பார்த்தது. வாயை வைத்தது.

மாமா தரையில் படுத்து, கிண்ணத்துக்குப் பக்கத்தில் காதை வைத்தார். "வலப்பக்கமா மெல்லுறான். பரவாயில்ல. ஒரு வாரத்துல ரெண்டு பக்கமும் பழகிடும்."

"நீங்க எழுந்திருங்க, மொதல்ல சாப்பிடுங்க" என்றாள் அத்தை.

"இரு, இவன் முடிக்கட்டும்."

அவர் எழுந்திருக்கப் போவதில்லை என்று தெரிந்து, அத்தை அவர் தட்டைத் தரையிலேயே கொண்டுவந்து வைத்தாள். மாமாவும் மேனேஜரும் பக்கத்தில் பக்கத்தில் சாப்பிட்டார்கள். நான் கூடையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தேன். மேனேஜர்தான் முதலில் முடித்தது. முடித்துவிட்டு, வாயை ஒரு தடவை நக்கிக்கொண்டு, மாமாவின் தட்டை முறைத்துப் பார்க்க ஆரம்பித்தது.