நெஞ்சில் தங்காத கதிர்

என் இதயத்து இரத்தக்குழாயில் வைத்த ஸ்டென்டுக்குள் இரண்டு முறை சதை வளர்ந்து அடைத்துக்கொண்டது. மூன்றாவது முறை, கனடாவில் இருக்கும் மகன் தன்னிடம் அழைத்துப் போனான். அங்கே அடைப்பைத் திறந்து, மெல்லிய குழாய் வழியாகக் கதிர் வீசும் துண்டொன்றை அந்த இடம் வரை அனுப்பினார்கள். சில நிமிடம்தான். பிறகு இழுத்து எடுத்துவிட்டார்கள். மறுபடி சதை வளராமலிருக்க அது போதுமாம். உள்ளே எதுவும் மிஞ்சாது என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

ஆரையம்பதிக்கு வந்து இறங்கினால், ஊரில் வேறு கதை. பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறை. எங்கள் குடியின் சார்பில் கோயிலைப் பார்க்கும் வண்ணக்கர் பதவி என்னிடம் இருந்தது அவருக்குப் பல வருடக் கண்கடி. கோயில் கூட்டத்தில் எழுந்து, "அவன்ர நெஞ்சுக்குள்ள கதிர வைச்சுத் தைச்சிருக்காங்க. புள்ளத்தாச்சியள் வாற கோயில், யோசிங்க" என்றாராம். பதவி அவருக்குப் போனது. போகட்டும்.

என் மகள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. எங்கள் வழக்கப்படி வீட்டை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் அதே வளவில் பின்னால் சின்ன வீடு கட்டி இருக்கிறோம். பத்தடி தூரம். மருமகன் எங்கள் பக்கம் திறக்கும் கதவைச் சாத்திவிட்டான். பேரன் பிறந்தான், ஜன்னலால் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டினேன். "இங்கிலீசில என்னத்தையும் எழுதலாம் மாமா" என்றான். பயந்தவன், அவனை மன்னித்துவிட்டேன். அண்ணனை மன்னிக்கவில்லை.

பேரனுக்குப் பல் முளைத்த நேரம் அண்ணன் என் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவருடைய ஸ்டென்டும் அடைத்துவிட்டது. கொழும்பு டாக்டர் அதே வைத்தியத்தைச் சொல்லியிருக்கிறார். கனடாவில் அவருக்கும் ஒரு மகள் இருக்கிறாள். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அது உள்ள தங்காதுதானே?"

ஒரு சொல் போதும். நான் சொல்லவில்லை. அவர் வியர்ப்பதைப் பார்க்க எனக்கு இனித்தது.

"கூட்டத்தில கேளுங்க அண்ணன். அங்க சொல்றன்."

அடுத்த கூட்டத்தில் கேட்டார். ஊரே இருந்தது, மருமகனும் இருந்தான். சால்வையை இரண்டு முறை சரிசெய்துவிட்டுத்தான் வாய் திறந்தார். "கேக்கல்ல" என்றேன். இன்னும் சத்தமாகக் கேட்டார்.

"தங்காது. எனக்கும் தங்கல்ல."

அன்று பின்னேரம் மகள் கதவைத் திறந்து வந்து பேரனை என் மடியில் வைத்தாள். என்னைக் கண்டு வீரிட்டு அழுதான். முகம் தெரியாத ஆள்தானே நான்.

அண்ணன் போய் வைத்தியம் செய்து சுகமாக வந்துவிட்டார். அவர் நூறு வயது வாழவேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன். வருடா வருடம் கோயில் சடங்கில் அவர் என் முகத்தில் முழிக்கவேண்டும்.